ஐப்பசி மழையில் ரிவர்ஸ்டன் போகிறவர்களுக்கு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறுகிறவர்களில் பலர் காலை வெய்யிலைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். தென்மேற்கு, வடகீழ்ப் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த மாதங்களில் காலை பளிச்சென்று இருக்கும். மதியம் திரும்பியதும் இடி, மின்னலோடு மழை கொட்டும். வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாவதும் இந்தக் காலத்தில்தான். வள்ளம் இறக்குமுன் கடற்றொழிலாளர் பார்க்கிற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை மலையேறுகிறவர்களும் பார்க்க வேண்டும். மேலே நிற்கிற வேலையை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ்டன் பார்க்க வந்து தெல்கமு ஓயாவில் இறங்குகிறவர்கள்தான் எனக்கு அதிக கவலை தருகிறார்கள். குளிக்கிற இடத்தில் ஒரு துளி விழாமலே அந்த ஆறு பெருகும். மழை மேலே, நக்கிள்ஸ் மலைச் சரிவில் பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். சற்றுமுன் உட்கார்ந்திருந்த கல் நனையத் தொடங்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலே கரையேறிவிடுங்கள். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். அக்கரையில் அகப்பட்டால், கைகோத்துக் கடந்துவிடலாம் என்று எண்ணாமல் மேட்டில் நின்று 119 பொலிஸையோ 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையோ அழையுங்கள். காயம் என்றால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ்.

அதே பக்கத்திலுள்ள பிட்டவல பத்தனை திறந்த புல்வெளி. இடி கேட்டதும் வாகனத்துக்குள் போய்விடுவதே பாதுகாப்பு, தனிமரத்தடி ஆபத்து.

மண்சரிவு பயணிகளைவிட அங்கேயே வாழ்கிறவர்களின் பிரச்சினை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை வெளியிடுவதும் அந்த நிறுவனம்தான். சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரென வற்றுதல் அல்லது சேறாக வருதல் தெரிந்தால் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தோட்ட லயத்தில் தூங்குகிற குடும்பத்துக்கு விளங்காத மொழியில் வருகிற எச்சரிக்கை வராத எச்சரிக்கைதான். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. ஆகவே தமிழில் அறிவித்தல் கேட்பது சலுகை கேட்பதாகாது. கிடைக்காவிட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். உங்கள் தோட்டம் அபாய வலயத்தில் இருக்கிறதா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஒரே தோட்டத்தவர்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

வீடு சேதமானால் துப்புரவாக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, பிரதேச செயலகத்தில் கொடுக்கிற விண்ணப்பத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு முற்பணம் கட்டுகிறவர்கள், மழையால் பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். அப்படி எழுதித் தந்தும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.