24,000 சுற்று யாருக்கு வேண்டும்?

செட்டிநாடு என்றதும் காரைக்குடிதான் நினைவுக்கு வரும். ஆனால் ராயவரம், கோனாபட்டு, ராங்கியம் என அதன் ஊர்கள் பல புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேதான் இருக்கின்றன. அங்குள்ள நிலைக்கதவுகளில் ஆசாரிகள் உளியால் இழைத்த கொடியையும் பூவையும் போன்ற வேலைப்பாட்டை இன்று கணினி சொல்படி இயங்கும் சிஎன்சி ரூட்டர் செதுக்கித் தருகிறது. இது பெரிய பட்டறைக்காரர்களின் சொத்தாக மட்டும் இல்லை. அலுமினியச் சட்டம், ஸ்டெப்பர் மோட்டார், ஒரு கண்ட்ரோல் போர்டு வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாம். அப்படிக் கோப்பவர்கள் அதிகம் குழம்புவது ஸ்பிண்டில் வாங்கும்போதுதான்.

ஸ்பிண்டில் என்பது வெட்டும் பிட்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம். மற்ற மோட்டார்கள் அதை இடம்விட்டு இடம் நகர்த்துகின்றன, அவ்வளவே. மரத்தைத் தொடுவது இதுதான். கடையில் பலரும் முதலில் கேட்பது "எத்தனை ஆர்பிஎம்?", அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எதை வெட்டப் போகிறோம், அதற்கு எந்த பிட், நம் சட்டம் நடுங்காமல் எவ்வளவு வேகத்தில் நகரும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஆர்பிஎம் தானாகவே வந்துவிடும்.

செதிலா, மாவா?

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவுக்குப் பஞ்சமில்லை. ஒரு பலாப் பலகையை 6 மி.மீ. பருமனும் இரண்டு பல்லும் உள்ள பிட்டால் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. கடித்தால் வெட்டு சுத்தமாக இருக்கும். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினால், பிட் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. முன்னேற வேண்டும். வீட்டில் கோத்த இயந்திரம் 1,500 மி.மீ. வேகத்திலேயே அதிரத் தொடங்குகிறது என்றால், பல்லுக்குக் கிடைப்பது 0.04 மி.மீ. சொச்சம்தான். பல் கடிக்காது, உரசும். உரசினால் சூடேறும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கீழே விழுவதைப் பார்த்தால் போதும். மஞ்சள் செதில்களாக விழுந்தால் எல்லாம் சரி. மாவாகக் கொட்டி, வெட்டின் ஓரம் பழுப்பேறி, கருகல் வாடை வந்தால் சுற்று அதிகம். அதே பிட்டை 8,000 சுற்றுக்கு இறக்கினால், அதே 1,500 மி.மீ. நகர்விலேயே பல்லுக்கு 0.09 மி.மீ. கிடைத்துவிடும். ஒற்றைப் பல் பிட் போட்டாலும் கடி இரட்டிப்பாகும்.

அப்படியானால் 24,000 எதற்கு? மெல்லிய பிட்டுக்கு. 1 மி.மீ. பிட் 24,000 சுற்றில் சுழன்றாலும் அதன் விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 75 மீட்டர்தான். 6 மி.மீ. பிட்டோ 18,000 சுற்றிலேயே 339 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. பெயர்ப்பலகையில் நுண்ணெழுத்து, சர்க்யூட் போர்டு போன்ற வேலைகளுக்கு வேகம் கூடக் கூட நல்லது.

கிணற்று மோட்டாரும் ஸ்பிண்டிலும்

வயல் கிணற்றில் ஓடும் மோட்டாரின் தகட்டைப் பார்த்தால் பெரும்பாலும் 2,880 ஆர்பிஎம் என்று இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்த வகை மோட்டாரால் அதில் 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. சிஎன்சி ஸ்பிண்டிலும் அதே இனத்து இண்டக்‌ஷன் மோட்டார்தான். விஎஃப்டி என்னும் பெட்டி 50 ஹெர்ட்ஸை 400 ஹெர்ட்ஸாக மாற்றிக் கொடுப்பதால் 24,000 சுற்று கிடைக்கிறது. வீட்டு ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்குவதும் அதே பெட்டிதான்.

விஎஃப்டியின் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றே வைக்கப்பட்டு வருவதுண்டு. அதை ஸ்பிண்டிலுக்குரிய 400 ஆக மாற்றாமல் ஓட்டினால், 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் பாய்ந்து காயில் கருகிவிடும். வயரிங் முடித்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பிண்டிலின் தகட்டில் 2.2 கிலோவாட் என்று இருந்தால், அது 24,000 சுற்றில் கிடைக்கும் திறன். 6,000 சுற்றுக்கு இறக்கினால் அதில் கால்வாசிதான் மிஞ்சும். மெதுவாகவும் அழுத்தமாகவும் வெட்ட வேண்டிய இரும்புக்கு இந்த ஸ்பிண்டில்கள் ஒத்துவராததற்கு இதுவே காரணம். மரம், பிளைவுட், அக்ரிலிக், ஓரளவு அலுமினியம் ஆகியவையே இவற்றின் எல்லை.

தண்ணீரா, காற்றா?

காற்றால் குளிரும் ஸ்பிண்டிலில் தொல்லை குறைவு. சத்தமும் தூசியும் அதிகம். குறைந்த சுற்றில் அதன் விசிறியும் மெதுவாகவே சுற்றுவதால் சூடு தேங்கும். தண்ணீரால் குளிர்வது அமைதியாக ஓடும். ஆனால் அதற்கு பம்ப், குழாய், வாளி வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே படிவு கட்டிக்கொள்ளும். டிஸ்டில்ட் வாட்டரே நல்லது. சித்திரை வெயிலில் வாளியை நிழலில் வையுங்கள்.

மின் இணைப்பையும் கவனியுங்கள். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழுச் சுமையில் 16 ஆம்ப் பிளக்கின் அளவைத் தாண்டக்கூடும். தனி லைன் இழுத்து எம்சிபி போட வேண்டும். எர்த் கட்டாயம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் விஎஃப்டி பாதி வேலையில் நின்றுவிடும். சிறிய ஸ்பிண்டிலுக்கு இந்தத் தலைவலி குறைவு.

ஆவுடையார்கோவிலின் கல் கொடுங்கையைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் புதுக்கோட்டை. கருங்கல்லைச் செதுக்க முடியுமா என்று கேட்காமல் இருப்பார்களா? அதற்கு வைரப் பொடி பதித்த பிட், இடைவிடாத தண்ணீர், அசையாத கனத்த சட்டம் மூன்றும் வேண்டும். கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தின்றுவிடும். வீட்டு இயந்திரத்தில் கைவைக்க வேண்டாம்.

எதை வாங்கலாம்?

30 செ.மீ. அளவிலான குட்டி இயந்திரங்களோடு வரும் 10,000 சுற்று மோட்டார் கற்றுக்கொள்ள மட்டும். அடுத்தது தச்சர்கள் கையில் பிடிக்கும் டிரிம் ரூட்டர்: சுமார் 700 வாட், 10,000 முதல் 30,000 சுற்று. காதைப் பிளக்கும், கார்பன் பிரஷ் தேயும். ஆனால் விலை குறைவு, பழுதானால் மாற்று எளிதில் கிடைக்கும். 800 வாட் ஸ்பிண்டில் 65 மி.மீ. விட்டம் கொண்டது; பிட்டைப் பிடிக்கும் ஈஆர்11 கோலெட்டில் 7 மி.மீ. வரை மாட்டலாம். 2.2 கிலோவாட்டுக்கு 80 மி.மீ. விட்டம், ஈஆர்20 கோலெட். அதன் எடையைத் தாங்க இரும்புச் சட்டம் இருந்தால்தான் உருப்படியான வெட்டு கிடைக்கும்.

எதை வாங்கினாலும் கோலெட்டில் கஞ்சத்தனம் கூடாது. பிட் 0.05 மி.மீ. ஆடினால் ஒரு பல்லே எல்லா வேலையையும் செய்யும், மற்றது சும்மா சுற்றும். 1 மி.மீ. பிட் பட்டென்று ஒடியும். மாட்டும் முன் கோலெட்டைத் துடைத்து, முதலில் நட்டுக்குள் அழுத்திப் பொருத்திய பிறகே ஸ்பிண்டிலில் முறுக்குங்கள்.

முதல் இயந்திரம் என்றால் 65 மி.மீ. உடலுள்ள டிரிம் ரூட்டரோடு தொடங்குவதே லாபம். ஆறு மாதம் வெட்டிப் பார்த்தால் உங்கள் சட்டம் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். பிறகு அதே கிளாம்பில் 800 வாட் ஸ்பிண்டிலை மாட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியிராது.