சிறுநீரகம் மாற்றிய பிறகு மூளையில் ஏன் கிருமித்தொற்று?

உங்கள் அப்பாவுக்கோ சித்திக்கோ மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நல்லபடியாகப் போகிறது. பல மாதம் கழித்துப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறுகிறது. காய்ச்சல் இல்லை. "சரியா தூங்கலை போல" என்று விட்டுவிடலாமா?

கூடாது.

புதிய உறுப்பை உடல் தனதென்று ஏற்காது, தாக்கப் பார்க்கும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை அன்றாடம் சாப்பிடவேண்டும். அவை நோயெதிர்ப்புச் சக்தியை, குறிப்பாக 'டி' அணுக்களை, அடக்கிவைக்கும். சிக்கல் என்னவென்றால், உடலுக்குள் தூங்கும் பழைய கிருமிகளுக்கும் அந்த அணுக்கள்தாம் காவல்.

தூங்கும் கிருமியா? ஆமாம். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடலைவிட்டுப் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். 'ஜேசி' என்ற கிருமி பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் உண்டு. சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். (1971இல் அதை எந்த நோயாளியின் மூளையில் கண்டார்களோ, அவரது பெயரின் முதலெழுத்துகள்தான் ஜேசி.) காவல் தளரும்போது, அரிதாக, அது மூளையில் நரம்பிழைகளுக்கு உறை போடும் அணுக்களை அழிக்கத் தொடங்கும். பேச்சு, பார்வை, ஒரு பக்கக் கை கால் என ஒவ்வொன்றாகத் தடுமாறும்.

சில சமயம் கிருமி உறுப்போடு சேர்ந்தே வந்துவிடும். 2004இல் அமெரிக்காவில், மூளை ரத்தக்கசிவால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் உறுப்புகளைப் பெற்ற மூவரும், அவரது ரத்தக்குழாய்த் துண்டைப் பெற்ற இன்னொருவரும் ரேபிஸ் நோயால் மாண்டனர். நன்கொடையாளரை ஒரு வௌவால் கடித்திருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? டாக்ரோலிமஸ் மருந்தே கைநடுக்கம், குழப்பம் தரலாம். அதனால் எம்ஆர்ஐ படம் எடுப்பார்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்துக் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள்.

சின்னம்மைக் கிருமிக்கு அசைக்லோவிர் மருந்து இருக்கிறது. ஜேசிக்கென்று உறுதியான மருந்து இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் வழி. அப்படிக் குறைத்தால் உடல் புதிய உறுப்பைத் தாக்கலாம். சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் இருக்கிறது. மாற்று இதயம் பொருத்தியவருக்கு?

அந்தக் கணக்கை மருத்துவர்தான் போடவேண்டும். பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பேச்சோ நடையோ எந்த நாளிலிருந்து மாறியது என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே சிகிச்சைக் குழுவை அழையுங்கள்.