தெருவுக்கு முகம் காட்டாத வீடு

புன்னைக்காயலில் உச்சிவெயில் நேரத்தில் கடற்கரையில் நின்ற யாருக்கும், சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு வீடு கட்டிக்கொள்ளத் தோன்றாது. மணலும் தண்ணீரும் சேர்ந்து கண் கூசும். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். ஆனால் 1960-ல் நவீன வீடு என்று உலகம் வியந்தது அப்படியொன்றைத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் குன்றின் மேல் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை ஜூலியஸ் ஷுல்மன் இரவில் படமெடுத்தார். கீழே மின்னும் நகரத்து விளக்குகள் பதிவதற்காகச் சில நிமிடங்கள் கேமராவைத் திறந்தே வைத்திருந்து, பிறகு ஃபிளாஷ் அடித்து, உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பதித்தார். வீட்டைவிடப் படத்துக்குத்தான் புகழ் அதிகம்.

அதே காலத்தில் நம் கடலுக்கு அக்கரையில், கொழும்பில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நேரெதிராக யோசித்தார். பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா குடும்பத்துக்கு அவர் 1962-ல் கட்டி முடித்த வீடு தெருவுக்கு முகமே காட்டாது. மதிலும் ஓட்டுக்கூரையும்தான் தெரியும். மற்றதெல்லாம் உள்ளே, நடுமுற்றத்தைச் சுற்றி. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கண்ணாடியும் எஃகும் எளிதில் கிடைக்காத காலம் அது. தட்டுப்பாடும் சில நேரம் நல்ல கொத்தனார்தான்.

முற்றத்தில் சூடேறிய காற்று மேலே கிளம்பும். அந்த இடத்துக்கு நிழலில் கிடந்த காற்று அறைகள் வழியே நகர்ந்து வரும். நீண்டு இறங்கிய கூரை வெயிலையும் மழையையும் தள்ளி நிறுத்தும். நம் பாட்டி வீட்டு ஏற்பாடுதான். அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே சுவரைக் கூடியமட்டும் குறைத்தது பாவாவின் துணிச்சல்.

இப்படிப்பட்ட வீட்டைப் படமெடுப்பது பெரும் பாடு. முற்றத்து வெளிச்சத்துக்குக் கேமராவைச் சரிசெய்தால் தாழ்வாரம் கரியாகும். தாழ்வாரத்துக்குச் சரிசெய்தால் முற்றம் வெளுத்துப்போகும். காற்றோ எந்தப் படத்திலும் விழாது. பாவாவின் அலுவலக வரைபடங்களில் லக்கி சேனநாயக்க போன்றவர்கள் மரங்களை இலை இலையாக வரைந்தது வெறும் அலங்காரம் இல்லை. மரமும் அந்த வீடுகளில் ஒரு கட்டுமானப் பொருள்.

ஈனாவின் மனை கைமாறி, வீடு இடிபடும் நிலை வந்தபோது பதிவுகளின் அருமை தெரிந்தது. அளவெடுத்து, படமெடுத்து, பாகங்களுக்கு எண்ணிட்டுப் பிரித்தார்கள். பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் வீடு மறுபடி எழுந்து, 2016-ல் திறக்கப்பட்டது. லுனுகங்க என்றால் சிங்களத்தில் உப்பாறு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.