கண்ணீர் கிடைத்தது, குரல் கிடைத்ததா?

1974இல் ஜப்பானில் ஒரு துப்பறியும் படம் வெளியானது. பெயர் ‘சுனா நோ உத்சுவா’. ‘மணல் பாத்திரம்’ என்று பொருள். செய்ச்சோ மாட்சுமோட்டோவின் நாவலைப் படமாக்கியவர் இயக்குநர் யோஷிதாரோ நொமுரா. கொலையாளி யார் என்பதைவிட ஏன் கொன்றான் என்பதே இந்தப் படத்தில் நாம் பார்க்க வேண்டியது.

டோக்கியோவின் கமாட்டா ரயில் பணிமனையில் முன்னாள் காவலர் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். விசாரணை, புகழின் உச்சியில் இருக்கும் இளம் இசையமைப்பாளர் ஒருவனிடம் போய் நிற்கிறது. அவன் தொழுநோயாளி ஒருவரின் மகன். ஊர் துரத்த, பனியிலும் வெயிலிலும் பிச்சையெடுத்து அலைந்தவர்கள் அந்தத் தந்தையும் மகனும். அவர்களை ஆதரித்து, தந்தையைச் சிகிச்சைக்கு அனுப்பியவர்தான் இறந்துபோன காவலர். அவரது வீட்டிலிருந்து ஓடிப்போன சிறுவன், போர்க்காலக் குண்டுவீச்சில் ஒசாகாவின் குடும்பப் பதிவேடு எரிந்ததைப் பயன்படுத்தி, இறந்துபோன வேறொரு தம்பதியின் மகனாகத் தன்னைப் பதிந்துகொள்கிறான். பல ஆண்டுகள் கழித்து, தந்தையை வந்து பார் என்று வற்புறுத்திய அந்த நல்ல மனிதரையே கொல்கிறான்.

பிறப்பை மறைக்கப் பதிவேடு எரிய வேண்டியிருந்தது என்பது வெறும் கற்பனை அல்ல. ஜப்பானின் தீண்டப்படாதோரான புராக்கு மக்களின் இழிநிலையை அரசு 1871இலேயே சட்டப்படி நீக்கியது. ஆனால் அவர்கள் வாழும் பகுதிகளின் பட்டியல் ரகசியமாக விற்கப்பட்டதும், வேலைக்கு வருவோரின் பூர்விகத்தை அறிய நிறுவனங்கள் அதை வாங்கியதும் 1975இல் அம்பலமாயின. பிறர் குடும்பப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம் என்ற வழக்கத்துக்கு அதற்கடுத்த ஆண்டுதான் கட்டுப்பாடு வந்தது. ‘உங்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு?’ என்ற கேள்வியின் கனம் நமக்குத் தெரியாததா?

படம் பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் இந்தப் படத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டவர்கள் தொழுநோயாளிகளின் சங்கத்தினர். மருந்து வந்து, குணமாகி வெளியேறும் காலத்திலும் தங்களைப் பற்றிய அச்சத்தையே படம் வளர்க்கும் என்பது அவர்கள் கவலை. பேச்சுவார்த்தைக்குப் பின் படத்தின் முடிவில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது: நோய் இப்போது குணமாகும், தடையாக இருப்பது முன்முடிவும் பாகுபாடும் மட்டுமே என்று. கதை முழுவதும் மற்றவர்கள் கையில். சம்பந்தப்பட்டவர்கள் போராடிப் பெற்றது கடைசி அட்டை மட்டும்.

படத்தில் அந்தத் தந்தை முதுமையில் காப்பகத்தில் இருக்கிறார். துப்பறிவாளர் மகனின் புகைப்படத்தைக் காட்டும்போது, கதறியபடியே, இப்படி ஒருவனைத் தெரியாது என்கிறார். மகனைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான்.

உண்மையான நோயாளிகள் அப்படி மறுத்துவிட்டு ஒதுங்கவில்லை. அவர்களை அடைத்துவைத்த சட்டம் 1996இல்தான் நீங்கியது. 1998இல் 13 பேர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்தத் தனிமைப்படுத்தல் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. 2019இல் குடும்பத்தினரும் வென்றார்கள். வழக்காடியவர்கள் 561 பேர். பெரும்பாலோர் பெயரை வெளியிடவில்லை.

படம் வந்து 45 ஆண்டுகள் ஆகியும், வென்ற பிள்ளைகளால் பெயர் சொல்ல முடியவில்லை. இரக்கத்தைச் சினிமா தரலாம். பெயரைச் சொல்லி நிமிர்ந்து நிற்கும் தைரியத்தைச் சமூகம்தான் தர வேண்டும். அதுவரை, நம்மைப் பற்றிய படம் எது வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதில் பேசுவது யார்?