950 டாலர் கணக்கும் பழைய கோப்பும்

கலிஃபோர்னியாவில் 950 டாலருக்குள் திருடினால் வழக்கே கிடையாதாமே என்று பாதிக் கடிதங்கள். 2024 டிசம்பர் 18 முதல் பேனாவைத் திருடினாலும் மூன்று வருஷம் சிறையாமே என்று மீதி. பிள்ளைகளை சான் ஹோசேயிலும் ஃபிரீமான்ட்டிலும் விட்டுவிட்டு இங்கே கவலைப்படும் பெற்றோர் எழுதியவை பல. இரண்டுமே தவறு. 950 டாலருக்கு மிகாத சில்லறைத் திருட்டுக்கு அங்கே ஆறு மாதம் வரை கவுன்டி சிறை எப்போதும் உண்டு. நவம்பர் 5 வாக்கெடுப்பில் வென்ற 36ஆவது முன்மொழிவு டிசம்பர் 18, 2024 அன்று அமலுக்கு வந்தாலும், முதல் முறை மாட்டுகிறவருக்கு அது மாறாது.

மாறுவது, திருட்டு வழக்கில் ஏற்கெனவே இரண்டு முறை குற்றவாளி என்று தீர்ப்பானவருக்கு. அவர் அடுத்து எடுப்பது ஒரு சோப்புக்கட்டியாக இருந்தாலும் ஃபெலனி (பெருங்குற்றம்) என்று பதியலாம். மூன்றாண்டு வரை உள்ளே போடலாம். முந்தைய தீர்ப்புகள் இருபது வருஷப் பழசாக இருந்தாலும் செல்லும்.

'பதியலாம்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபெலனியாகவும் மிஸ்டிமீனராகவும் (சிறு குற்றம்) நடத்தக்கூடிய இத்தகைய குற்றத்தை அங்குள்ள வழக்கறிஞர்கள் 'வாப்ளர்' என்பார்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முதலில் முடிவெடுப்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். நீதிபதி பிறகு குறைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை, பேரத்தில் முடிகின்றன. ஃபெலனி என்று பதிந்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் வசதி ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கிறது. நாணயமான ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது எதுவரை போகும் என்பதற்கு 1995இல் நடந்த ஒரு வழக்கு போதும். போதைக்கு அடிமையான முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், ஆன்டேரியோ நகரக் கடையில் ஐந்து வீடியோ கேசட்டுகளைத் திருடிக்கொண்டு போகப் பார்த்துப் பிடிபட்டார். விலை 84 டாலர் 70 சென்ட். இரண்டு வாரம் கழித்து மான்ட்கிளேரில் இன்னும் நான்கு. எல்லாம் குழந்தைகள் பார்க்கும் படங்கள். புதிதாகத் திருடியவர் என்றால் இரண்டும் மிஸ்டிமீனர். பழைய திருட்டு வழக்கு இருந்ததால் வாப்ளர் ஆகி, ஃபெலனியாகப் பதிவாயின. முந்தைய கடுமையான குற்றங்களை 'ஸ்ட்ரைக்' என்று எண்ணி, மூன்றாவதில் ஆயுள் வரை கொடுக்கும் சட்டம் அங்கே உண்டு. 1983இல் தண்டிக்கப்பட்ட வீடுபுகுந்த திருட்டுகள் அந்தக் கணக்கில் வந்து, ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு முதல் ஆயுள் என்றாக்கின. ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 50. பழசை ஒரு முறை குற்றத்தை உயர்த்தவும் இன்னொரு முறை தண்டனையைப் பெருக்கவும் எடுத்துக்கொண்டார்கள். 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதில் தலையிட மறுத்தது.

2012இல் மக்களே வாக்களித்து ஆயுள் தண்டனை வாசலைக் குறுக்கினார்கள். இப்போது மூன்றாவது குற்றமும் பொதுவாகக் கடுமையானதாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு ஸ்ட்ரைக் இருந்தாலும் அடுத்த ஃபெலனிக்குத் தண்டனை இரட்டிப்பு என்ற பிரிவு அப்படியே நிற்கிறது. சோப்புக்கட்டிக்கு மூன்று ஆண்டு ஆறாகும் வழி இது.

புதிய சட்டத்தின் பெயர் வீடின்மையையும் போதையையும் திருட்டையும் குறைப்பதாகச் சொல்கிறது. பிரிவுகளைப் படித்தால் தண்டனைதான் விரிவாக இருக்கிறது; சிகிச்சை பற்றிப் பேசுகிறது, அதற்கென்று தனி நிதி வைக்கவில்லை.

மற்ற கேள்விகள்:

கைதானாலே கணக்கில் சேருமா? சேராது, தீர்ப்பு வேண்டும்.

பல சிறு திருட்டுகளைக் கூட்டி 950 டாலர் என்ற ஃபெலனி எல்லையைத் தாண்டவைக்க முடியுமா? முடியும்.

டெக்சஸில்? எல்லை 2,500 டாலர். இரண்டு பழைய திருட்டுத் தீர்ப்பு இருந்தால் அங்கும் ஃபெலனிதான்.

விசா? அதைத் தீர்மானிப்பது மத்தியச் சட்டம். மிஸ்டிமீனர் திருட்டே சிக்கலாகலாம், ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

2024 டிசம்பர் 18க்கு முன் நடந்த திருட்டு? பழைய சட்டப்படியே விசாரணை. ஆனால் முந்தைய தீர்ப்புகள் புதிய கணக்கில் ஏறும்.