குடியை விட மனம் தயாரா? அளந்து பார்க்கும் முறை

குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வரும் ஒருவரிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குடி அவருடைய உடம்பையும் குடும்பத்தையும் எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்பது ஒன்று. அதை விடுவதற்கு அவர் மனம் எவ்வளவு தூரம் இசைந்திருக்கிறது என்பது மற்றொன்று. ஈரல் வீக்கத்தை ஸ்கேன் காட்டிவிடும்; கை நடுக்கம் பார்த்தாலே தெரியும். மனத்தின் இசைவு அப்படித் தெரிவதில்லை. நோய் முற்றியவர் எப்படியாவது விட்டுவிடத் துடிப்பதும் உண்டு. ஆரம்ப நிலையில் இருப்பவர் ‘எனக்கென்ன கேடு’ என்று எழுந்து போவதும் உண்டு. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் தொடங்கும் சிகிச்சை, மாத்திரை தீர்ந்த வாரமே பல நேரம் முறிந்துபோகிறது.

இந்த அளவு எவ்வளவு தேவை என்பதற்குக் கரிசல்காட்டு ஊர்களான அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் பருத்தி, உளுந்து, சோளம், கம்பு, மல்லி விதைப்பார்கள். மழை ஏமாற்றினால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். ஊருக்குள் தறியும் மில்லும் இருக்கின்றன. எல்லாமே உடம்பை முறிக்கிற வேலை. “அலுப்புக்குத்தான் ஊத்திக்கிறேன்” என்பது இங்கே ஒரு சாக்கு மட்டுமல்ல, பாதி உண்மையும் கூட. இப்படிப்பட்டவர்களில் பலர் குடியை விட வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. வயிற்று வலி, பைக்கில் விழுந்த காயம், தூக்கமின்மை என்று வருகிறார்கள். அல்லது மனைவியோ தாயோ கையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். அதனால் ஆலோசகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வந்தது யாருடைய விருப்பத்தில் என்பதைத்தான்.

பிரச்சினையின் அளவு சிறியதல்ல. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். சுமார் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஒரு பிரச்சினையாகவே ஆகிவிட்டது. அவர்களில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் குடிக்கு அடிமையானவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே அறிவுரை, ஒரே மருந்து என்பது நடக்காது.

மனம் மாறுவது ஒரே நாளில் நிகழும் காரியமல்ல, படிப்படியாக நிகழ்வது என்ற கருத்தை 1983இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டேயும் புகைப்பழக்கத்தை விட முயன்றவர்களை ஆராய்ந்து முன்வைத்தார்கள். அது பிறகு குடிநோய்ச் சிகிச்சையிலும் வேரூன்றியது. அந்தப் படிகளைக் கரிசல்காட்டு ஆள் ஒருவரின் வாய்மொழியிலேயே கேட்கலாம். “நான் என்ன மொடாக்குடியனா? எல்லாரும் குடிக்கிறதுதான்” என்பவர், பிரச்சினை இருப்பதையே இன்னும் ஏற்கவில்லை. “விடணும்னுதான் இருக்கு, சாயங்காலம் ஆனா கால் அங்கதான் போகுது” என்பவர் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார். பெரும்பாலோர் நெடுநாள் தங்கிவிடும் இடம் இது. “பொங்கல் கழிச்சு ஆஸ்பத்திரியில சேர்ந்துடுறேன், முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேன்” என்பவர் ஆயத்தமாகிவிட்டார். விட்டு ஒன்றிரண்டு மாதம் ஆனவர் செயலில் இறங்கியவர். ஆறு மாதத்துக்கு மேல் தொடாமல் இருப்பவர் அதைக் காத்து நிற்பவர். இடையில் சறுக்கி விழுவதும் இந்தப் பாதையில் சேர்ந்ததே. சறுக்கியவர் அடிமட்டத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும் என்பதில்லை. பலர் நடுப்படியிலிருந்தே எழுந்து நடக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் மனத்தைக் கணிக்க உதவும் ஒரு நல்ல தடயம் உண்டு. ஆலோசகர்கள் அதைத் தவறாமல் கேட்க வேண்டும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட நாள் முதல் மலைக்குப் போய் வரும்வரை சொட்டு மது தொடாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் கடைப் பக்கமே போகாதவர்களும், கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்து சில மாதம் ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. “மாலை போட்டிருந்தப்ப எப்படி இருந்தீங்க? கை நடுங்குச்சா? தூக்கம் வந்துச்சா? மாலையைக் கழற்றின அன்னிக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் பெரிய தகவல். அவரால் முடியும் என்பது அதில் தெரிகிறது. மாலை கழன்ற பிறகும் குடிக்காமல் தொடர்வதற்கான காரணம் எதையும் அவர் இன்னும் தேடிக்கொள்ளவில்லை என்பதும் தெரிகிறது. கயிறு கட்டுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆலோசகர், நோயாளியே கையில் கொண்டுவந்த ஒரு கருவியை வீணாக்குகிறார்.

முறைப்படியான அளவுகோல்களும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட பத்துக் கேள்விப் பட்டியல் குடியின் கடுமையை மட்டும் அளப்பது. அதில் 40க்கு 8 மதிப்பெண் எடுத்தாலே எச்சரிக்கை. 20க்கு மேல் போனால் அடிமைத்தனம் இருக்க வாய்ப்பு அதிகம். மனத்தின் தயார்நிலையை அளப்பவை வேறு. 1983இல் வந்த ரோட் ஐலண்ட் பல்கலைக்கழக அளவுகோலில் 32 கூற்றுகள் உள்ளன. வில்லியம் மில்லரும் ஸ்காட் டோனிகனும் 1996இல் வெளியிட்ட ‘சாக்ரடீஸ்’ அளவுகோலில் 19 கூற்றுகள். பிரச்சினையை உணர்ந்திருப்பது, ஊசலாட்டம், எடுத்துவைத்த அடிகள் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே எடைபோடுகிறது. ஸ்டீபன் ரோல்னிக், நிக் ஹெதர் குழுவினர் 1992இல் உருவாக்கிய 12 கூற்றுப் பட்டியல், வேறு நோய்க்காக ஆஸ்பத்திரிக்கு வந்த குடிகாரர்களுக்கானது. சிகிச்சைக்கென்றே வந்தவர்களில் பலருக்குக் குறைப்பது போதாது, முழுதாக விடுவதே இலக்கு. அவர்களுக்காக 1999இல் ஹெதர் குழுவினர் தனிப்பதிப்பு ஒன்றைத் தயாரித்தார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘ஒத்துக்கொள்ளவே மாட்டேன்’ வரை ஒரு பதில் சொல்ல வேண்டும்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவரிடம் இப்படிப்பட்ட பட்டியலை நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். ‘நான் அதிகம் குடிப்பதாக நினைக்கவில்லை’ என்பது போன்ற எதிர்மறைக் கூற்றுக்கு ‘ஆமா’ என்பதா ‘இல்லை’ என்பதா என்று படித்தவரே தடுமாறுவார். இன்னொரு சிக்கல், மரியாதை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டவர் எதைக் கேட்டாலும் “சரிங்க சார்” என்பதுதான் பழக்கம். பக்கத்தில் மனைவி அழுதுகொண்டு நின்றால் சொல்லவே வேண்டாம். இந்தச் ‘சரி’களைக் கூட்டி மதிப்பெண் போட்டால், உலகத்திலேயே மிகவும் தயாரானவர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்று கணக்கு வரும். ஆகவே குடும்பத்தாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, தனியாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்பதே நம்பகமானது.

அதற்கு ஏற்ற எளிய முறை, பூஜ்யம் முதல் பத்து வரை போட்ட ஒரு கோடு. எண் சொல்லத் தயங்குபவரிடம் பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னாலும் போதும். அந்தப் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்.

“அண்ணே, குடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?”

“ஒரு நாலு போடுங்க தம்பி.”

“ஒண்ணு சொல்லாம நாலு சொல்றீங்களே, ஏன்ணே?”

“மக பெரிய மனுசி ஆயிட்டா. வீட்டுக்கு மப்புல போக ஒரு மாதிரியா இருக்கு.”

அந்த ‘ஏன் ஒன்று இல்லை’ என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ‘ஏன் பத்து இல்லை’ என்று கேட்டிருந்தால் குடிப்பதற்கான காரணங்களையெல்லாம் அடுக்கியிருப்பார். இப்படிக் கேட்டதால் விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்தது. மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையின் சாரம் இதுதான். அந்த முறையில் தேர்ந்தவர்கள் எண்ணைவிடப் பேச்சைக் கவனிக்கிறார்கள். “விடணும்னு ஆசை”, “நினைச்சா முடியும்”, “பிள்ளைக்காகவாவது”, “விட்டே ஆகணும்” ஆகியவை ஆசை, திறன், காரணம், தேவை என்ற வரிசையில் சேரும். “நாளையிலிருந்து அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டேன், சம்பளத்தை அவகிட்டயே கொடுத்திடச் சொல்லிட்டேன்” என்பது உறுதிமொழியும் செயலும். பின்னது கேட்கும்போது சிகிச்சையை வேகப்படுத்தலாம்.

முக்கியத்துவம் வேறு, நம்பிக்கை வேறு. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். முக்கியம் 9 என்பவர், “முடியும்னு எவ்வளவு நம்புறீங்க” என்றால் 2 என்பார். மூன்று முறை விட்டுத் தோற்றவராக இருப்பார். அவரிடம் குடியின் கேடுகளைப் பற்றிப் பேசுவது வீண். அவை அவருக்கு மனப்பாடம். நடுக்கத்துக்கு மருந்து உண்டு, போன முறை எங்கே சறுக்கியது என்று பார்த்து வழி செய்யலாம் என்பதே அவருக்குத் தேவை. நம்பிக்கை 9, முக்கியம் 2 என்பவருக்கோ ஈரல் பரிசோதனை முடிவை நிதானமாக விளக்குவது பலன் தரும்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். போதையில் இருப்பவரிடம் கேட்பதில் பயனில்லை. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் பித்துப் பிடித்தது போன்ற குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஆகவே நெடுநாள் குடித்தவர் வீட்டிலேயே பட்டென்று நிறுத்துவது சரியல்ல, மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அந்த நாள்களில் அவர் எதற்கும் தலையாட்டுவார். வலியில் செய்யும் சத்தியத்தை இசைவாக எழுதிக்கொள்ளக் கூடாது. உடம்பு தணிந்து, சோறு இறங்கி, தூங்கி எழுந்த பிறகு அளக்க வேண்டும். பிறகு வாரா வாரம் மறுபடியும் அளக்க வேண்டும். கரிசல் மண்ணில் விதைக்கிறவர் ஒருநாள் பார்த்த ஈரத்தை நம்பி மறுவாரம் விதைப்பதில்லை. மண்ணை மறுபடி கையில் பிடித்துப் பார்க்கிறார். மனத்தின் பதமும் அப்படி மாறுவதுதான்.

இத்தனை முயற்சிக்குப் பலன் உண்டா? அமெரிக்காவில் 1726 பேரிடம் நடத்தி 1997இல் முடிவு வெளியான ‘புராஜெக்ட் மேட்ச்’ ஆய்வில், வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றவர்களின் எதிர்காலக் குடியை முன்கூட்டிக் காட்டியவற்றில் தொடக்கத்தில் இருந்த தயார்நிலை வலுவான ஒன்றாக இருந்தது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. கேடு விளைவிக்கும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஊக்கமூட்டும் நேர்காணல் வழியில் நான்கு அமர்வுகள் வரை பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதம் பேர் குடிப்பிரச்சினையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியான அனுபவம் டி.டி.கே. மருத்துவமனையுடையது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் அது. சென்னைக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் வைத்தே சிகிச்சை கொடுத்தார்கள். வேலையையும் வயலையும் விட்டு நெடுநாள் நகரத்தில் தங்க முடியாதவருக்கு ‘விருப்பமில்லாதவர்’ என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பதை அந்த முகாம்கள் காட்டின. வழி இல்லாததும் மனம் இல்லாததும் ஒன்றல்ல.

படிகள் பற்றிய கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. மனிதர்களை இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரிக்க முடியாது என்று ராபர்ட் வெஸ்ட் 2005இல் கடுமையாக எழுதினார். பலர் எந்த ஆயத்தமும் இல்லாமல் ஒரே நாளில் விட்டுவிடுவதையும் அவர் போன்றவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அது நியாயமான எச்சரிக்கை. அளவுகோல் பேச்சைத் தொடங்க உதவ வேண்டும், கதவைச் சாத்த உதவக் கூடாது. “உனக்கு இன்னும் மனசு வரல, வந்தபிறகு வா” என்று திருப்பி அனுப்புவதே இந்த அளவீட்டின் மிகக் கொடிய தவறான பயன்பாடு.

வீட்டார் செய்யும் தவறும் ஒன்று உண்டு. குடியை மறக்கடிக்கும் மருந்து, நோயாளிக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். டைசல்பிரம் போன்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டு உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டிய மருந்து அது. மனத்தின் இசைவைத் தாண்டிக் குதிக்கும் குறுக்கு வழி எதுவும் கிடையாது.

இசைவு இருப்பது தெரிந்தால் காலம் கடத்தாதீர்கள். போதை தெளிந்த காலை நேரத்தில் அவர் வாயிலிருந்து “விடணும்” என்று ஒரு வார்த்தை வந்தால், பழைய கதையைக் கிளறாமல் “ஏன்?” என்று மட்டும் கேளுங்கள், சொல்ல விடுங்கள், அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.