ஜூலை 25: ரெய்சினா குன்றில் அன்றும் இன்றும்

1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஆறு பேரையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியாகிவிட்ட ஊராட்சியில் தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதுதான் கொன்றவர்களின் ஆத்திரம். இரண்டு வாரம் கழித்து ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல். கோட்டயம் மாவட்டம் உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த கே.ஆர்.நாராயணன், எதிர்த்து நின்ற டி.என்.சேஷனைத் தோற்கடித்தார். வாக்கு மதிப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் நாராயணனுக்கே விழுந்தது. ஜூலை 25 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பதவியேற்றுக்கொண்டு, ரெய்சினா குன்றில் வைஸ்ராய்க்காகக் கட்டிய 340 அறை மாளிகைக்குள் நுழைந்தார்.

ஊராட்சி நாற்காலிக்கு உயிரைக் கேட்ட அதே நாடுதான் உச்சிப் பதவியில் ஒரு தலித்தைக் கட்சி வேறுபாடில்லாமல் உட்காரவைத்தது. விடுதலையின் பொன்விழா ஆண்டு வேறு. மேலே வந்த மாற்றம் கீழே இறங்கும் என்று அன்று பலர் மனதார நம்பினார்கள். அதை வெறும் கனவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒபாமா வென்ற 2008இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் கண்ணீரோடு நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கையின் எடை தெரியும்.

மாற்றம் கீழே இறங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 இரவு, பிகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 தலித்துகளை நிலக்கிழார்களின் தனிப்படையான ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது. தேசிய அவமானம் என்றார் நாராயணன். 2010இல் விசாரணை நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரைத் தமிழக அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே வெளியே அனுப்பியது. பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின.

அப்படியானால் நாராயணன் அந்த மாளிகைக்குப் போனதால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. பிறப்பைக் கொண்டு அவரிடம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய காரியம் அது. அரசியலமைப்பின் 74ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறது: அமைச்சரவையின் ஆலோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பலாம், மறுபடியும் வந்தால் ஒப்புக்கொண்டாக வேண்டும். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அதே பதில்தான். எந்தக் கட்சியின் ஆட்சி போகிறது, எந்தக் கட்சி போக்குகிறது என்று அவர் பார்க்கவில்லை. 1999 பிப்ரவரியில், அங்கே மறுபடியும் தலித்துகள் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பரிந்துரை இரண்டாம் முறை வந்தபோது கையெழுத்திட்டார். சட்டம் விட்ட இடத்தைத் தாண்டவுமில்லை, அதை வீணாக்கவுமில்லை.

1998 பொதுத்தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார்; பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு பத்திரிகையாளர் என்.ராமுக்கு அளித்த பேட்டியில், தான் ரப்பர் ஸ்டாம்பும் அல்ல, ஆட்சி நடத்துகிறவரும் அல்ல, வேலை செய்கிற குடியரசுத் தலைவர் என்று தன்னை விளக்கிக்கொண்டார். உச்ச நீதிமன்ற நியமனக் கோப்பில், பட்டியல் சாதி, பழங்குடி நீதிபதிகளையும் கருதிப் பார்க்க வேண்டும் என்று குறிப்பெழுதினார். அரசியலமைப்பை மறுஆய்வு செய்ய அரசு முனைந்திருந்த நேரம், 2000 ஜனவரி 27 அன்று அதே மைய மண்டபத்தில், அரசியலமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று ஆட்சியாளர்களை வைத்துக்கொண்டே கேட்டார். 2002இல் குஜராத் எரிந்தபோது பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூலையில் அவருக்கு இரண்டாவது முறை வாய்ப்புக் கிடைக்கவில்லை. கேள்வி கேட்கிற ஒருவரை அந்த மாளிகையில் இன்னும் ஐந்தாண்டு வைத்திருக்கத் தில்லி விரும்பவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்று குன்றின் அடிவாரத்தில் ராஜபாதை கர்த்தவ்ய பாதையாகிவிட்டது. மொகலாயத் தோட்டம் அம்ரித் உத்யான். தர்பார் மண்டபம் கணதந்திர மண்டபம். பெயர்களைவிடப் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. 2017இல் போட்டியிட்ட ராம்நாத் கோவிந்த், மீரா குமார் இருவருமே தலித்துகள். 2022இல் ஒடிசாவின் உபர்பேடாவைச் சேர்ந்த சந்தால் பழங்குடிப் பெண் திரௌபதி முர்மு ‘ஜோஹார்’ சொல்லிப் பதவியேற்றார். 1997இல் அதிசயமாக இருந்தது இன்று கட்சிகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அது நல்லதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் முப்படைகளின் தலைவராக நிற்பதைப் பார்க்கும் ஒரு மயூர்பஞ்சு சிறுமிக்கு அதன் அர்த்தம் தெரியும்.

ஆனால் ‘திருப்பி அனுப்புவாரா?’ என்று இப்போது யாரும் கேட்பதில்லை. 2020 செப்டம்பரில், மூன்று வேளாண் மசோதாக்களில் கையெழுத்திட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் அன்றைய குடியரசுத் தலைவர் கோவிந்திடம் வேண்டின. 27ஆம் தேதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். பிறகு சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஒரு வருடத்துக்கும் மேலாக, தில்லிக் குளிரிலும் வெயிலிலும் விவசாயிகள் டிராக்டர்களோடு கிடந்தார்கள். 2021 நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமரே அறிவித்தார். மாளிகையிலிருந்து அந்த மசோதாக்கள் ஒருமுறை திரும்பியிருந்தால், அரசுக்கு யோசிக்க ஒரு மாதமாவது கிடைத்திருக்கும்.

2023 மே 28 அன்று, செங்கோலோடு புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட விழாவில் குடியரசுத் தலைவர் இல்லை. அதே மாதம் குக்கி, மெய்தேய் மக்களுக்கிடையே மூண்ட மோதலில் மணிப்பூர் பற்றியெரியத் தொடங்கியது. குக்கிகள் பழங்குடிகள், மெய்தேய்களும் இந்த நாட்டின் மக்கள். நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் அந்த முதல் வாரங்களிலேயே இரு பக்கத் தாய்மார்களையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதற்கு எந்த அமைச்சரின் பேச்சுக்கும் இல்லாத வலு இருந்திருக்கும். அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

முர்முவிடம் இதை எதிர்பார்ப்பது அதிகம் என்று சொல்பவர்களுக்கு ஜார்க்கண்டை நினைவூட்டுகிறேன். அவர் ஆளுநராக இருந்த 2017இல், அங்கே ஆண்டது அவர் வந்த அதே பாஜக. சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா குத்தகைச் சட்டங்கள் பழங்குடி நிலத்துக்கு வேலி. அவற்றைத் தளர்த்தும் மசோதாக்கள் ஒப்புதலுக்கு வந்தன. இதனால் பழங்குடிகளுக்கு என்ன நன்மை என்று விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அரசு அவற்றைக் கைவிட்டது. தில்லிக்கு வந்த பிறகும் ஒருமுறை அந்தக் குரல் கேட்டது. 2022 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் விழாவில், தலைமை நீதிபதி முன்னிலையில், தயாரித்த உரையை விட்டுவிட்டு இந்தியில் பேசினார்: சின்னக் குற்றத்துக்காக வருடக்கணக்கில் சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி, புதிது புதிதாகச் சிறை கட்டுவதுதான் வளர்ச்சியா என்று. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் உள்ளே இருப்பவர்களின் விவரத்தைத் திரட்டச் சொல்லி உத்தரவிட்டது.

ஒரே ஒரு பேச்சு. கோப்பு இல்லை, ஆணை இல்லை. அவருடைய பதவிக்காலம் 2027 ஜூலை வரை இருக்கிறது. மணிப்பூரின் முகாம்களைப் பற்றியும், காட்டு நிலத்தைத் தொடும் ஒவ்வொரு மசோதாவைப் பற்றியும் ராஞ்சியில் கேட்ட அதே கேள்வியை அவர் ரெய்சினாவிலிருந்தும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.